டெக் குரூப்பில் கேள்வி கேட்கப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுப் போ!

லேப்டாப் திடீர்னு ஆஃப் ஆகுது, மாடி அறைக்கு வைஃபை எட்டலை, போன் தோசைக்கல்லா சுடுது. உடனே ஏதாவது டெக் குரூப்புக்குள்ள புகுந்து, “ஹலோ பிரெண்ட்ஸ், ஒரு டவுட்”னு போட்டுட்டு உட்கார்ந்திருக்கே. ஒரு மணி நேரமாகியும் யாரும் எட்டிப் பார்க்கலைன்னு கோபம் வேற வருது. அங்க இருக்கிறவங்க திமிர் பிடிச்சவங்க இல்லைப்பா. நடுராத்திரியில முகம் தெரியாத ஆளுக்கு ரவுட்டர் செட்டிங் சொல்லித் தர்றதையே பொழுதுபோக்கா வச்சிருக்கிற ஜென்மங்கள். பைசா கேட்க மாட்டாங்க. நீ கேட்கிற விதத்தை மட்டும் கொஞ்சம் சரி பண்ணிக்கணும்.

1. ஹலோவும் கேள்வியும் ஒரே மெசேஜில்

“யாராவது இருக்கீங்களா?”, “லினக்ஸ் தெரிஞ்சவங்க உண்டா?” இதெல்லாம் வேண்டாம். அதுக்கு “இருக்கேன்”னு சொன்னா முழுக் கேள்வியும் தன் தலையில விழும்னு எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க. வணக்கம் சொல்லு, அடுத்த வரியிலேயே விஷயத்துக்கு வா.

2. நாலு விவரம் இல்லாம கேட்காதே

- பொருளோட முழு மாடல் பெயர். “சாம்சங் போன்”னா எந்தப் போன்? அந்தப் பேர்ல நூத்துக்கணக்கில இருக்கு.
- நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்தே.
- என்ன ஆச்சு. திரையில வந்த எர்ரர் செய்தியை எழுத்து மாறாம போடு.
- இதுவரைக்கும் என்னென்ன பண்ணிப் பார்த்தே.

“போன் ஸ்லோவா இருக்கு”ன்னா யாராலும் ஒண்ணும் சொல்ல முடியாது. “64 ஜிபி போன், 61 ஜிபி நிறைஞ்சிருக்கு, கேமரா திறக்க பத்து செகண்ட் ஆகுது”ன்னு எழுதிப் பாரு. பாதி நேரம் எழுதும்போதே பதில் உனக்கே தெரிஞ்சிடும்.

இன்னொண்ணு. கம்ப்யூட்டர் திரையைப் போன்ல சாய்ச்சு, டியூப்லைட் வெளிச்சத்தோட படம் பிடிச்சு அனுப்பாதே. விண்டோஸ் பட்டன், ஷிஃப்ட், எஸ் மூணையும் சேர்த்து அமுக்கினா வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்துடலாம்.

3. உன் வைத்தியத்தைக் கேட்காதே, வியாதியைச் சொல்லு

எல்லாத்தையும் விட நேரத்தை அதிகமாத் தின்கிற தப்பு இதுதான். ஒருத்தர் வந்து, “கூகுள் போட்டோஸ் ஆப்பை எப்படி நீக்கறது?”ன்னு கேட்பார். பத்து பேர் பத்து வழி சொல்வாங்க. சாயங்காலம் மறுபடி வந்து, “நீக்கிட்டேன், இன்னும் மெயில் வரலை”ம்பார். அடப்பாவி, மெயில் வரலைங்கறதுதான் பிரச்சினைன்னு காலையிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?

கூகுள் இலவசமா தர்ற 15 ஜிபி, ஜிமெயில், ட்ரைவ், போட்டோஸ் மூணுக்கும் சேர்த்துதான். அது நிறைஞ்சா மெயில் போகவும் போகாது, வரவும் வராது. ஆப்பை நீக்கினா, ஏற்கெனவே மேல ஏறின படமெல்லாம் அங்கேயேதான் இருக்கும், ஒரு எம்பி கூடக் குறையாது. பெரிய வீடியோக்களை அழிக்கணும், ட்ரைவில் குப்பைத்தொட்டியைக் காலி பண்ணணும். முதல்லயே “எனக்கு மெயில் வரலை, இடம் நிறைஞ்சதாலயா இருக்குமோன்னு நினைக்கிறேன்”னு கேட்டிருந்தா அஞ்சு நிமிஷ வேலை.

4. வாராவாரம் வர்ற கேள்விகள்: இதை நீ கேட்காதே

- “100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன், ஆனா டவுன்லோட் 12தான் காட்டுது.” உன்னை யாரும் ஏமாத்தலை. 100ங்கிறது பிட் கணக்கு, 12ங்கிறது பைட் கணக்கு. எட்டால வகு: பன்னிரண்டரைதான் வரும்.
- “ஒரு டிபி டிஸ்க் வாங்கினேன், 931 ஜிபிதான் இருக்கு.” தயாரிக்கிறவங்க ஆயிரம் ஆயிரமா எண்ணுறாங்க, விண்டோஸ் 1024 ஆக எண்ணுது. கடைக்காரரோட சண்டைக்குப் போகாதே.
- “20,000 எம்ஏஎச் பவர்பேங்க், 5,000 போனை நாலு தடவை ஏத்தணுமே?” ஏத்தாது. மின்னழுத்தம் மாத்தும்போதும் சூட்டிலும் கொஞ்சம் போயிடும். ஏறக்குறைய மூணு தடவை ஏத்தினா நல்ல சரக்குன்னு எடுத்துக்கோ.
- டைப்-சின்னு சொல்றது வாயோட வடிவம் மட்டும்தான். ஒரே மாதிரி தெரியற ரெண்டு கேபிளில் ஒண்ணு லேப்டாப்பையே சார்ஜ் ஏத்தும், இன்னொண்ணு போனுக்கே திணறும்.

5. பிராண்டு சண்டையில் கால் வைக்காதே

ஆண்ட்ராய்டா ஐபோனா, இன்டெல்லா ஏஎம்டியா. இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. 1992 ஜனவரியிலேயே ஆண்ட்ரூ டானன்பாம்ங்கிற பேராசிரியர், “லினக்ஸ் காலாவதியானது”ன்னு தலைப்புப் போட்டு ஒரு வாதத்தைக் கிளப்பினார். லினக்ஸை உருவாக்கின, ஹெல்சிங்கியில 22 வயசு மாணவரா இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் சூடாவே பதில் குடுத்தார். அந்தக் காலாவதியான லினக்ஸ்தான் இன்னைக்கு உன் ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளம். பேராசிரியர் தோத்துட்டாரா? அதுவும் இல்லை. அவர் உருவாக்கின மினிக்ஸ்ங்கிற இயங்குதளம், இன்டெல் சிப்புக்குள்ளேயே சத்தமில்லாம ஓடிக்கிட்டு இருந்தது 2017ல வெளியே தெரிஞ்சுது. அவ்வளவு பெரிய ஆளுங்க சண்டையே இப்படி முடிஞ்சிருக்கு, நீ எதுக்குப்பா ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கறே?

வேடிக்கை பாரு, தப்பில்லை. யாரு கணக்கோட பேசுறா, யாரு வெறும் சத்தம் போடுறான்னு பார்த்து வச்சுக்கோ. அடுத்த முறை போன் வாங்கும்போது முதல் ஆளைக் கேளு.

6. புரியாத கட்டளையை ஒட்டாதே

“சிஸ்டம்32 ஃபோல்டரை அழிச்சா கம்ப்யூட்டர் பறக்கும்”னு எவனாவது சொன்னா, அது பழைய விஷமக் கிண்டல். விண்டோஸ் உயிர் வாழறதே அந்த ஃபோல்டர்லதான். லினக்ஸிலும் மொத்த டிஸ்க்கையும் துடைக்கிற ஒரு வரிக் கட்டளை உண்டு, அதைப் புதுசா வந்தவங்களுக்கு மருந்து மாதிரி நீட்டுவாங்க. எந்த வரியா இருந்தாலும் “இது என்ன செய்யும்?”னு கேட்டுட்டு, இன்னொருத்தர் ஆமான்னு சொன்னப்புறம் எண்டர் தட்டு.

பதிலோட தேதியையும் பாரு. விண்டோஸ் 7 காலத்து வழி இப்ப உதவாது. ஏஐ சொன்னதை அப்படியே ஒட்டி, உன் அனுபவம் மாதிரி பதில் போடவும் செய்யாதே. படிக்க நல்லா இருக்கும், உள்ளே தப்பா இருக்கும். இதுக்காகத்தான் ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கிற புரோகிராமர்களோட கேள்வி-பதில் தளம் 2022 டிசம்பர்லயே சாட்ஜிபிடி பதில்களுக்குத் தடை போட்டுது.

7. தனியா மெசேஜ் பண்றவரிடம் ஜாக்கிரதை

பொதுவில் கேட்ட கேள்விக்கு ஒருத்தர் தனியா வந்து, “திரையைப் பகிருங்க, நானே சரி பண்றேன்”னா, வேண்டாம்னு சொல்லிட்டு பிளாக் பண்ணு. படம் போடும்போது ஐஎம்இஐ எண், பார்சல் மேல இருக்கிற முகவரி, வங்கி மெசேஜ் எதுவும் தெரியுதான்னு ஒரு தடவை பாரு.

8. யாராவது முறைச்சா

“கூகுள்ல தேடத் தெரியாதா?”ன்னு ஒருத்தர் கடிப்பார். கூடவே ஒரு லிங்க் குடுத்திருந்தா அதை எடுத்துக்கோ, கடிச்சதை விட்டுடு. எழுத்துல குரல் தெரியாது. கிண்டலைக் கிண்டல்னு காட்டத்தான் 1982ல ஸ்காட் ஃபால்மன்ங்கிற கம்ப்யூட்டர் விஞ்ஞானி :-) அப்படிங்கிற சிரிப்புக் குறியையே கொண்டுவந்தார்.

9. சரியானதும் ஓடிப் போகாதே

“தேங்க்ஸ், நானே சரி பண்ணிட்டேன்”னு போட்டுட்டு மாயமாகிறவங்களைக் கண்டா எனக்கு ஆத்திரமா வரும். எப்படிச் சரி பண்ணேன்னு சொல்ல மாட்டியா? ரெண்டு வருஷம் கழிச்சு அதே எர்ரரோட தவிக்கிற ஒரு பொண்ணு தேடித் தேடி உன் மெசேஜை வந்து பார்ப்பா, அங்க ஒண்ணும் இருக்காது. எந்த செட்டிங்கை மாத்தினே, எந்த பார்ட் போயிருந்துது, எவ்வளவு செலவாச்சுன்னு ஒரு வரி எழுதி வச்சுட்டுப் போ.