பொறி தவறுதலும் மின்னேற்ற அழுத்தமும்

1831-ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி, ஒரு கம்பிச் சுருளின் ஊடே செல்லும் காந்த சக்தி மாறுபடுந்தோறும் அச்சுருளில் மின்சாரம் தோன்றுமென்று கண்டறிந்தார். மோட்டார் வண்டியின் முன்மூடியைத் திறந்து நோக்குவார்க்கு அவ்வொரு விதியே இரு வேறு உருவங்களில் காட்சியளிக்கும். ஆல்ட்டர்னேட்டர் என்னும் கருவியில் காந்தம் சுழன்று வண்டிக்கு வேண்டும் மின்சாரத்தைப் பிறப்பிக்கின்றது. இக்னிஷன் காயில் என்னும் தூண்டு சுருளிலோ, ஓடிக்கொண்டிருக்கும் மின்சாரத்தைத் திடீரென அறுத்துவிடுவதால் காந்த சக்தி சரிந்து, பல்லாயிரம் வோல்ட்டு அழுத்தம் எழுந்து, ஸ்பார்க் பிளக்கின் முனையில் பொறியாகப் பாய்கின்றது. முன்னையது ஈட்டுவது, பின்னையது செலவிடுவது. ஆதலின் எஞ்சின் பொறி தவறுங்கால், அஃதாவது பட்டறைகளில் "மிஸ்ஸிங்" என்று வழங்கும் குறை நேருங்கால், செலவிடுவோனை மாத்திரம் விசாரித்து ஈட்டுவோனை விட்டுவிடுதல் தகாது.

இதனை விளக்குதற்கு ஜப்பான் தேசத்து நிஸ்ஸான் கம்பெனியார் 1989-இல் வெளியிட்ட ஸ்கைலைன் ஜி.டி.ஆர். என்னும் வேக வண்டியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் 1990 முதல் 1993 வரை நிகழ்ந்த டூரிங் கார் பந்தயத் தொடரில், தான் ஓடிய 29 பந்தயங்களிலும் முதலிடம் பெற்ற வண்டி இது. இதன் எஞ்சின் ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்களும், 2568 கன சென்டிமீட்டர் கொள்ளளவும், இரண்டு டர்போ சார்ஜர்களும் உடையது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே ஒரு காயில் உண்டு. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பெற்ற கார்கள், பொறி தவறிய சிலிண்டர் இன்னதென்று தாமே குறியெண்ணால் அறிவிக்குமாறு அமைக்கப்பட்டன. நமது வண்டி அதற்கு முந்தியதாகலின் நோயைத் தானே சொல்லாது. கற்பார்க்கு இதுவே நன்மை என்பது எமது கருத்து.

நிமிடத்திற்கு 8000 சுற்று ஓடும் வேகத்தில், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஒவ்வொரு பிளக்கும் பொறி விடவேண்டும். ஆறு பிளக்குகளுக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் விநாடிக்கு 400 பொறிகளாம். இவற்றுள் சில தவறினும் எரியாத பெட்ரோல் வெளிக்குழாயிற் சென்று எரிந்து, ஆங்குள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை உருக்கிவிடக்கூடும். ஆதலால் குறையைப் பாராட்டாது ஓட்டிக்கொண்டிருத்தல் பெரும் பொருட்சேதத்திற்கு வழியாகும்.

குறை எப்பொழுது தோன்றுகின்றது என்பதே முதற்கேள்வி. மெதுவாக ஓட்டும்போது ஒழுங்காக ஓடி, டர்போ காற்றை அழுத்தி நிரப்பும்போது மட்டும் எஞ்சின் திக்குமாயின், அதற்குப் பௌதிக காரணம் ஒன்றுண்டு. வாயுவின் அழுத்தமும் முனைகளின் இடைவெளியும் பெருகப் பெருக, பொறி பாய்வதற்கு வேண்டும் வோல்ட்டும் பெருகுமென்று 1889-இல் பாஷன் என்னும் ஜெர்மானியர் காட்டினார். காற்றழுத்தத்தை உயர்த்திக்கொண்டோர் பிளக்கின் இடைவெளியை 1.1 மில்லிமீட்டரிலிருந்து 0.8 ஆகக் குறைப்பது இதுபற்றியே. இது பயன் தரும் உபாயந்தான். ஆயினும் காயில் வலுக்குன்றியிருப்பின் அதனை மறைத்துவைக்கும் உபாயமுமாகும்.

எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போதே குறை தென்படுமாயின், சிலிண்டரைக் கண்டுபிடித்தல் எளிது. ஒவ்வொரு காயிலின் சிறு மின்னிணைப்பையும் ஒருகணம் கழற்றி மாட்டுக. எதனைக் கழற்றியும் எஞ்சினின் ஓசை மாறவில்லையோ, அதுவே வேலை செய்யாத சிலிண்டர். காயிலையே பிளக்கினின்றும் உயர்த்திச் சோதிப்போர் உளர். பல்லாயிரம் வோல்ட்டு கையிற் பாய்தற்கு இடங்கொடுக்கும் அவ்வழக்கத்தை விட்டொழித்தல் வேண்டும். பின்னர் எஞ்சினை நிறுத்தி, ஐயத்துக்குரிய காயிலை நல்ல சிலிண்டருக்கு இடம் மாற்றுக. குறையும் கூடவே சென்றால் காயில் குற்றவாளி. செல்லாது நின்றால் பிளக், பெட்ரோல் தெளிப்பான், கம்பி, சிலிண்டரின் அமுக்கம் ஆகியவற்றை முறையே பார்க்கவேண்டும். இவ்வண்டியில் ஆறு காயில்களுக்கும் மின்சாரத்தை விட்டு அறுக்கும் இக்னைட்டர் என்னும் தனிப்பெட்டி ஒன்று எஞ்சினின் மேலேயே பொருத்தப்பட்டிருக்கின்றது. குளிர்ந்த நிலையில் நன்கு ஓடி, சூடேறியபின் ஒரே சிலிண்டர் தவறுமாயின் அப்பெட்டியையும் நினைவிற் கொள்க.

ஆனால் தவறுதல் ஒரு சிலிண்டரில் நில்லாமல் இங்குமங்கும் அலையுமாயின், ஆறு காயில்களையும் ஒருங்கே வாங்கி மாற்றுவது செல்வர் செய்யும் வைத்தியம், நோயறிதல் ஆகாது. ஆங்கே வோல்ட்டு மீட்டரைக் கையிலெடுக்கவேண்டும்.

எஞ்சின் ஓடாது நெடுநேரம் ஓய்ந்திருக்கையில் நல்ல பாட்டரி 12.6 வோல்ட்டு அளவு காட்டும். எஞ்சின் ஓடுகையில் 13.8 முதல் 14.4 வரை காட்டுதல் முறை. விளக்குகளையும் விசிறியையும் இயக்கியபின் அது 13-க்குக் கீழே இறங்குமாயின் பெல்ட்டின் இறுக்கம், கம்பி முனைகள், ஆல்ட்டர்னேட்டர் ஆகியவற்றில் குறையுண்டு. 15-க்கு மேல் ஏறுமாயின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதுற்றது. இனி, மீட்டரை மாறுமின்சாரப் பகுதிக்குத் திருப்பிப் பாட்டரியின் முனைகளில் வைக்க, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், உள்ளேயுள்ள டையோடுகளில் ஒன்று கெட்டிருக்கலாம்.

அழுத்தம் குறைந்தால் பொறி ஏன் மெலிகின்றது? காயிலில் மின்சாரம் ஏறும் விரைவு வோல்ட்டைப் பொறுத்தது. அதில் சேரும் சக்தியோ மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே குறித்த ஒரே கால அளவில், 14 வோல்ட்டு 12 ஆகக் குறைந்தால் சக்தி நூற்றுக்கு ஏறத்தாழ 27 பங்கு குறையும். இதனை ஈடுசெய்ய எஞ்சினின் கணிப்பொறி, தனக்கு வரும் வோல்ட்டை அளந்து, குறைந்தபோது மின்னேற்றும் காலத்தை நீட்டுகின்றது. பெட்ரோல் தெளிப்பான் திறக்கும் காலத்தையும் அவ்வாறே திருத்துகின்றது.

இங்கேதான் நுட்பம் உளது. கணிப்பொறி அளப்பது தன் வாயிலுக்கு வரும் வோல்ட்டையே. காயிலின் வாயிலுக்கு வருவதை அன்று. முப்பது ஆண்டு கடந்த வண்டியில் காயிலுக்குச் செல்லும் கம்பியும் இணைப்புகளும் பாசம் பிடித்துத் தடை மிகுந்திருக்கலாம். அப்போது கணிப்பொறி 14 வோல்ட்டு உண்டென்று நம்பிக் குறுகிய காலமே கொடுக்க, காயில் 12 வோல்ட்டில் பட்டினி கிடக்கும்! தெளிப்பான்களின் கம்பியிலும் இக்குறை நேர்ந்தால் பெட்ரோல் குறைந்து, அழுத்தம் மிக்க வேளையில் கலவை மெலிந்து பிஸ்டனுக்கே கேடு விளையும்.

இதனையறிய, எஞ்சின் ஓடுகையில் மீட்டரின் சிவப்பு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், கறுப்பு முனையைக் காயிலுக்கு மின்சாரம் வரும் ஊசியிலும் வைக்கவேண்டும். காட்டுவது வழியில் இழந்த வோல்ட்டு. அந்த எண் சிறிதாயிருத்தல் கண்டு ஏமாறலாகாது. மீட்டர் காட்டுவது சராசரியே. 900 சுற்றில் விநாடிக்கு 45 பொறிகள். ஒவ்வொன்றுக்கும் 3 மில்லிசெகண்டு மின்சாரம் ஓடுவதாகக் கொண்டால், ஒரு விநாடியில் 135 மில்லிசெகண்டு மாத்திரமே அக்கம்பியில் ஓட்டம் உண்டு. காயில்களுக்கே உரிய கம்பியாயின், மீட்டர் 0.2 வோல்ட்டு காட்டும்போது, மின்சாரம் ஓடும் அக்கணத்தில் மெய்யான இழப்பு ஏறத்தாழ ஒன்றரை வோல்ட்டாம். ஆசிலாஸ்கோப் கிடைத்தால் அக்கணத்தையே கண்ணாற் காணலாம். இங்ஙனமே பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினுக்கும் இடையிலும் அளக்க. தரையிணைப்புக் கம்பி பழுதானால் அங்கும் இழப்புண்டு.

இழப்புக் காணின், பாட்டரியிலிருந்து தடித்த புதுக்கம்பியை பியூஸும் ரிலேயும் இடைவைத்துக் காயில்களுக்கு இழுப்பது எளிய பரிகாரம். பின்னர் பிளக்கின் இடைவெளியைத் திரும்பவும் 1.1 ஆக்கி, டர்போ முழு அழுத்தம் தரும்போது சோதித்துப் பார்க்க. அந்நிலையிலும் பொறி தவறுமாயின், அப்போது புதிய காயில்கள் வாங்கலாம்.