காதால் கேட்டு டெபியன் நிறுவும்போது நெட்வொர்க் நின்றால்

பார்வையற்ற ஒருவர் யார் துணையும் இல்லாமல் டெபியன் லினக்ஸை நிறுவிக்கொள்ள வழி பிறந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிறது. 2013 மே மாதம் டெபியன் 7 வெளிவந்தபோது, பிரெய்ல் கருவி இல்லாதவர்களும் மென்பொருள் குரலைக் கேட்டே நிறுவலாம் என்று அதன் அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். பென் டிரைவைச் செருகி, கணினியை இயக்கி, பீப் ஒலிக்காகக் காத்திருக்க வேண்டும். பழைய பயாஸ் கணினியில் ஒரு பீப், யூஇஎஃப்ஐ கணினியில் இரண்டு. அதன்பின் எஸ் எழுத்தையும் எண்டரையும் அழுத்தினால் ஈஸ்பீக் என்ற மென்பொருள் குரல் பேசத் தொடங்கும். ஒன்றுக்கு மேற்பட்ட ஒலி அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றிலும் மாறி மாறிப் பேசிப் பார்க்கும். காதில் விழும்போது எண்டர் தட்டினால் போதும்.

குரல் வந்துவிட்டால் இனி எல்லாம் சுலபம் என்று தோன்றும். ஆனால், எனக்குத் தெரிந்த பலரும் நின்றுபோனது அதற்கடுத்து வரும் நெட்வொர்க் கட்டத்தில்தான். நாம் பெரும்பாலும் இறக்கிக்கொள்வது நெட்இன்ஸ்ட் என்ற சிறிய கோப்பை. அதில் அடிப்படை அமைப்பு மட்டுமே இருக்கிறது. டெஸ்க்டாப், ஆர்கா திரைவாசிப்பான் எல்லாம் இணையத்திலிருந்து வர வேண்டும். இணையம் கிடைக்காவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான். யாராவது வந்து திரையைப் பார்த்துச் சொல்ல மாட்டார்களா என்று மனம் ஏங்கும் இடம் இது. அப்படி யாரையும் கூப்பிடத் தேவையில்லை. திரையில் இருப்பதைவிடக் கூடுதலாகவே அந்தக் கணினியால் நமக்குச் சொல்ல முடியும். கேட்கும் முறை தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் குரலைக் கையாளக் கற்றுக்கொள்ளுங்கள். இன்ஸ்டாலரில் திரையைப் படிப்பது ஸ்பீக்கப் என்ற திரைவாசிப்பான்; ஈஸ்பீக் அதன் குரல். கேப்ஸ் லாக்குடன் 6 அழுத்தினால் வேகம் கூடும், 5 அழுத்தினால் குறையும். 2 சத்தத்தைக் கூட்டும், 1 குறைக்கும். எண் பலகையில் 8 இப்போதைய வரியைப் படிக்கும், 7 முந்தைய வரியை, 9 அடுத்த வரியை. 1, 2, 3 ஆகியவை எழுத்து எழுத்தாகப் படிக்கும். பிழைச் செய்தி வந்ததும் பதற்றத்தில் எண்டர் தட்டிவிடாமல், 7ஐ அழுத்தி மேலே போய் முழுச் செய்தியையும் இன்னொரு முறை கேளுங்கள். தவறான கேள்விக்கு வந்துவிட்டால் குறைவுக் குறியை, அதாவது ஷிஃப்டுடன் கமாவை, தட்டி எண்டர் கொடுத்தால் பின்னால் போகலாம். ஒரு கேள்விக்கு வெற்றுப் பதில் தர வேண்டுமானால் ஆச்சரியக் குறி. இவ்வளவு கைவசம் இருந்தாலே தைரியம் வந்துவிடும்.

வைஃபை கடவுச்சொல்லில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கேப்ஸ் லாக் இங்கே ஸ்பீக்கப்பின் கட்டளை விசை. ஆகவே பெரிய எழுத்துக்கு ஷிஃப்டை மட்டுமே பயன்படுத்துங்கள். இரண்டாவது, விசைப்பலகைத் தேர்வு. நெட்வொர்க் கட்டத்துக்கு முன்பே அந்தக் கேள்வி வந்துபோகும். அதில் பிரிட்டிஷ் அமைப்பைத் தேர்ந்தெடுத்திருந்தால் அட் குறியும் இரட்டை மேற்கோள் குறியும் இடம் மாறியிருக்கும். நம்மூர்க் கடைகளில் விற்கும் விசைப்பலகைகளுக்கு அமெரிக்க அமைப்பே பொருந்தும். கடவுச்சொல் சரியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் ஏற்க மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். எட்டு எழுத்துக்குக் குறைந்தால் இன்ஸ்டாலரே செல்லாது என்று சொல்லிவிடும். வைஃபை வகையைக் கேட்கும்போது இரண்டு தேர்வுகளையும் முழுதாகக் கேட்டு, டபிள்யூபிஏ என்று வரும் எண்ணைக் கொடுங்கள்.

வைஃபை கருவியே கண்டுபிடிக்கப்படவில்லை என்றால், அது வேறு பிரச்சினை. முன்பெல்லாம், வன்பொருள் இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் கோப்புகள் இல்லை என்ற செய்திதான் பெரிய முட்டுக்கட்டை. அந்தக் கோப்புகள் கட்டற்ற உரிமம் உடையவை அல்ல என்பதால் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் சேர்க்காமல் வைத்திருந்தார்கள். 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி முடிவை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அவை கூடவே வருகின்றன. நம்மைப் போன்றவர்களுக்கு இது சிறிய மாற்றமே அல்ல. பல புதிய லேப்டாப்களில் ஒலி அட்டைக்கும் ஃபர்ம்வேர் தேவை என்பதால், அது இல்லாதபோது நெட்வொர்க்கோடு குரலும் போய்விடும். ஆகவே பழைய பென் டிரைவை வைத்துக்கொண்டு போராடாமல், புதிய வெளியீட்டை இறக்கிக்கொள்ளுங்கள்.

இன்றும் சில பிராட்காம் வைஃபை அட்டைகளுக்குத் தேவையானது இன்ஸ்டாலரோடு வருவதில்லை. ரியல்டெக் ஈதர்நெட்டுக்கு ஃபர்ம்வேர் இல்லை என்று செய்தி வந்தால் மட்டும் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது இல்லாமலேயே இணைப்பு வேலை செய்யும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். பழைய லேப்டாப்பாக இருந்தால் முன்விளிம்பையும் பக்கவாட்டையும் விரலால் தடவிப் பாருங்கள். வைஃபையை அணைக்கும் சிறு நகர்த்து விசை அங்கே இருக்கலாம்.

அடுத்து, பலரைத் திணறடிக்கும் செய்தி. தானியங்கி நெட்வொர்க் அமைப்பு தோல்வியடைந்தது என்று ஆங்கிலத்தில் சொல்லும். உங்கள் நெட்வொர்க் முகவரியைத் தானாகத் தரும் டிஹெச்சிபியைப் பயன்படுத்தாமல் இருக்கலாம், சர்வர் மெதுவாக இருக்கலாம், கருவி சரியாக இயங்காமல் இருக்கலாம் என்று மூன்று காரணங்களை ஒரே மூச்சில் அடுக்கும். பிறகு, மறுபடி முயல்வது, டிஹெச்சிபிக்கு ஒரு பெயர் கொடுத்து முயல்வது, கையால் அமைப்பது, இப்போதைக்கு விட்டுவிடுவது எனத் தேர்வுகளை எண்ணிட்டுத் தரும். மூன்றில் எது காரணம் என்று தெரியாமல் மறுபடி முயல்வதையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இந்த இடத்தில் ஆல்ட்டுடன் எஃப்2 அழுத்துங்கள். இரண்டாவது கன்சோல் திறக்கும். எண்டர் தட்டினால் கட்டளை வரி கிடைக்கும். அங்கேயும் ஸ்பீக்கப் பேசும். ஐ, பி, இடைவெளி, ஏ என்று தட்டுங்கள். வருவதை எண் பலகையால் வரி வரியாகக் கேளுங்கள். எல்ஓ என்று தொடங்கும் பகுதி கணினியின் உள் இணைப்பு, அதை விட்டுவிடலாம். இஎன் என்று தொடங்குவது கேபிள், டபிள்யூஎல் என்று தொடங்குவது வைஃபை. கேபிள் வரியில் ‘நோ கேரியர்’ என்று கேட்டால் கேபிளின் மறுமுனையில் உயிர் இல்லை என்று பொருள். கேபிளைக் கழற்றி, ‘டக்’ என்று பூட்டும் சத்தம் கேட்கும்வரை மறுபடி செருகுங்கள். ரூட்டர் முனையிலும் அப்படியே. விளக்கு எரிகிறதா என்று நம்மால் பார்க்க முடியாவிட்டாலும் இந்த இரண்டு சொற்கள் அதைச் சொல்லிவிடும். கேரியர் இருக்கிறது, ஆனால் ‘ஐநெட்’ என்ற சொல்லுக்குப் பின் 192.168 போன்ற முகவரி எதுவும் இல்லை என்றால், முகவரி தர வேண்டிய ரூட்டரில்தான் கோளாறு. அதை அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி முயலுங்கள்.

முகவரியும் வந்துவிட்டது, ஆனால் மென்பொருள்களை இறக்கித் தரும் சர்வரான மிரர் கிடைக்கவில்லை என்கிறதா? பிங் கட்டளையால் 8.8.8.8ஐத் தொட்டுப் பாருங்கள். கூடவே ஹைஃபன் சி 3 என்று கொடுக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் பதில் வரிகளை நிறுத்தாமல் படித்துக்கொண்டே இருக்கும். கண்ட்ரோலுடன் சி அழுத்தித்தான் நிறுத்த வேண்டும். எண்ணுக்குப் பதில் வந்து, டெப் டாட் டெபியன் டாட் ஆர்க் என்ற பெயருக்கு வராவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் பழுது. கையால் அமைப்பதைத் தேர்ந்தெடுத்து, பெயர் சர்வர் கேட்கும் இடத்தில் 8.8.8.8 என்றே கொடுக்கலாம். ஆல்ட்டுடன் எஃப்1 மீண்டும் இன்ஸ்டாலருக்கே கொண்டுவந்துவிடும்.

கல்லூரி விடுதிகளின் வைஃபை தனி ரகம். ஒரு விடுதியிலிருந்து பார்வையற்ற மாணவர் ஒருவர் இரவு நேரத்தில் அழைத்தார். “அண்ணா, வைஃபை கனெக்ட் ஆயிடுச்சு, அட்ரஸும் வந்துடுச்சு. ஆனா மிரர் வரவே மாட்டேங்குது.” ஃபோனை லேப்டாப் ஸ்பீக்கர் அருகே வைக்கச் சொல்லி நானும் ஈஸ்பீக்கைக் கேட்டேன். “தம்பி, உங்க விடுதி வைஃபையில மொபைல்ல நுழையும்போது லாகின் பக்கம் வருமா?” என்றேன். “ஆமாண்ணா, ரோல் நம்பர் போடணும்.” அதுதான் காரணம். உலாவியில் வரும் அந்த நுழைவுப் பக்கத்தைத் திறக்க இன்ஸ்டாலருக்கு வழியே இல்லை. எத்தனை முறை முயன்றாலும் நடக்காது.

அவரிடம் ஆண்ட்ராய்டு ஃபோன் இருந்தது. சார்ஜர் கேபிளால் லேப்டாப்போடு இணைத்து, டாக்பேக் உதவியோடு ஹாட்ஸ்பாட் அமைப்புகளுக்குப் போய் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கச் சொன்னேன். இன்ஸ்டாலரில் பின்னால் போய் முதன்மைப் பட்டியலை வரவழைத்து, நெட்வொர்க் வன்பொருளைக் கண்டறியும் வரியை மறுபடி ஓட்டினார். பிறகு நெட்வொர்க்கை அமைக்கும் வரி. இடைமுகப் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்ததும் கடவுச்சொல்லும் கேட்கவில்லை, ஃபர்ம்வேரும் கேட்கவில்லை, நேரே முகவரி வந்தது. லினக்ஸைப் பொறுத்தவரை அது ஒரு சாதாரணக் கேபிள் இணைப்புதான். பிராட்காம் சிக்கலுக்கும் இதுவே மருந்து. என் அனுபவத்தில் இதற்கு இணையான வழி வேறில்லை. டேட்டா செலவை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஹாட்ஸ்பாட்டை வைஃபை வழியாகக் கொடுப்பதைவிட கேபிள் வழியாகக் கொடுப்பது நம்பகமானது.

ப்ராக்ஸி கேள்வி கடைசியில் வரும். நிறுவனம் ப்ராக்ஸி தந்திருந்தால் தவிர வெறும் எண்டர் போதும். எந்த இணைப்புமே இல்லாத ஊரில் இருக்கிறீர்கள் என்றால் நெட்இன்ஸ்டை விட்டுவிட்டு, இணைப்பு உள்ள இடத்தில் டிவிடி கோப்பை இறக்கி பென் டிரைவில் எழுதிக் கொண்டுபோங்கள். நெட்வொர்க்கை இப்போது அமைக்க வேண்டாம் என்ற தேர்வைக் கொடுத்தே டெஸ்க்டாப்போடு முடித்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் கணினியில் ஏதாவது ஒன்று நின்றுபோனால், அதை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். முதன்மைப் பட்டியலிலேயே பிழைப் பதிவுகளைச் சேமிக்கும் வரி இருக்கிறது. நிறுவல் முடிந்திருந்தால் அதே பதிவுகள் வார், லாக், இன்ஸ்டாலர் என்ற அடைவில் கிடைக்கும். அவற்றை இணைத்து, எந்தக் கணினி, எந்த நெட்வொர்க் அட்டை, குரல் எந்த இடத்தில் என்ன சொன்னது என்று டெபியனுக்கு நிறுவல் அறிக்கை அனுப்புங்கள். இந்த இன்ஸ்டாலரை உருவாக்குகிறவர்கள் தன்னார்வலர்கள். நம் கையில் இருக்கும் கணினிகள் எல்லாம் அவர்களிடம் இல்லை. நாம் எழுதினால்தான் அவர்களுக்குத் தெரியும்.