ஓடுகிற வேலையை எப்போது நிறுத்தலாம்?

ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினித் தொகுப்பைச் சங்கரன்கோவிலில் வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்கிறேன். வேலைகளை வரிசைப்படுத்துவது ஸ்லர்ம் மென்பொருள். "சார், என்னோடது அவசரம், ஓடுறதை நிறுத்திட்டு இதை ஏத்துங்க" என்று அடிக்கடி யாராவது கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: விடை நாளைக்குக் கிடைத்தால் வீணாகிவிடுமா?

வானிலைக் கணிப்பு என்றால் வீண்தான். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழைக்கான கணிப்பு 19ஆம் தேதி கைக்கு வந்து என்ன பயன்? அப்படிப்பட்ட வேலைக்காக ஓடுவதை நிறுத்தத் தயங்கவே கூடாது. ஆய்வுக் கட்டுரைக்கான கணக்கு, எவ்வளவு பெரிய பேராசிரியருடையதானாலும், காத்திருக்கலாம்.

எதை நிறுத்துவது என்பதுதான் கடினம். எங்கள் ஊர் விசைத்தறிக்காரர்கள் அவசர ஆர்டர் வந்தால் ஓடும் பாவை (தறியில் ஏற்றிய நெடுக்கு நூலை) அறுத்து இறக்க அவ்வளவு எளிதில் சம்மதிக்க மாட்டார்கள். எந்தத் தறியில் பாவு தீரப்போகிறது என்று முதலில் பார்ப்பார்கள். இழை இழையாகப் பிணைத்துப் புதுப் பாவு ஏற்றுவதற்கு ஆகும் நேரம் அவர்களுக்குத் தெரியும். நானும் அப்படித்தான் பார்க்கிறேன். 64 கோர்களில் 40 மணி நேரம் ஓடி, ஒருமுறைகூடச் செக்பாயின்ட் (இடைநிலைச் சேமிப்பு) எழுதாத வேலையைக் கொன்றால் 2,560 கோர்-மணி போச்சு. பத்து நிமிடம் முன்பு செக்பாயின்ட் எழுதிய வேலையை நிறுத்தினால் இழப்பு அந்தப் பத்து நிமிடமும் மறுபடி தொடங்கும் நேரமும்தான். அரை மணியில் முடியப்போகிற வேலையைத் தொடவே வேண்டாம்.

'சஸ்பெண்ட்' முறையை நம்பிவிடாதீர்கள். வேலை உறங்கும், ஆனால் அதன் நினைவகம் விடுபடாது; ஜிபியு என்றால் புதிய வேலைக்கு இடமே இருக்காது. நிறுத்தி மறுபடி வரிசையில் சேர்க்கும் 'ரீக்யூ'தான் நல்லது. கூடவே, நிறுத்துமுன் சேமித்துக்கொள்ள அவகாசம் தரும் 'கிரேஸ்டைம்' கொடுங்கள். ஸ்லர்மில் அது இயல்பாகப் பூஜ்யம். வேலைகளை நிர்வகிக்கும் இன்னொரு மென்பொருளான குபர்நெட்டீஸ் இயல்பாகத் தருவதே 30 விநாடிதான், பெரிய மாடலைச் சேமிக்க அது போதாது. தொடங்கிய வேலைக்குக் குறைந்தபட்ச ஓட்ட நேரத்தையும் 'பிரீஎம்ப்ட்எக்ஸெம்ப்ட்டைம்' அமைப்பில் உறுதி செய்யுங்கள். இல்லாவிட்டால் சின்ன வேலைகள் நாள் முழுக்கத் தொடங்கித் தொடங்கிச் சாகும்.

முன்னுரிமை அடுக்குகளைக் குறைவாக வைப்பது நல்லது. கூகுள் தன் கணினித் தொகுப்புகளை நிர்வகிக்கும் போர்க் (Borg) அமைப்பைப் பற்றி 2015இல் வெளியிட்ட கட்டுரையில், உற்பத்திப் பிரிவு வேலைகள் ஒன்றையொன்று வெளியேற்ற அனுமதி இல்லை என்று எழுதியிருக்கிறது. அனுமதித்தால் ஒன்று இன்னொன்றைத் தள்ள, அது வேறொன்றைத் தள்ள, சங்கிலியாகப் போகும். அதனால் என் தொகுப்பிலும் மேல் அடுக்கில் இருப்பவர்கள் தங்களுக்குள் வரிசையில்தான் நிற்கிறார்கள்.