ஐந்து கோடி வேர்க்கடலை

கட்டுமான முதலாளி ஒருவர் கடனை வைத்துவிட்டுத் தலைமறைவானால், அவரைப் பற்றிய கதைகள் அவரைவிட வேகமாக ஓடும். ஜெர்மனியில் அப்படி ஓடியவர் யூர்கன் ஷ்னைடர். 1994 ஈஸ்டர் சமயத்தில் மனைவியோடு காணாமல் போனார். ஐம்பதுக்கும் மேற்பட்ட வங்கிகளில் அவர் வைத்திருந்த பாக்கி 500 கோடி மார்க்கைத் தாண்டும் என்பது பிறகு தெரிந்தது. மறு ஆண்டு மே மாதம் அமெரிக்காவின் மயாமியில் பிடிபட்டார். அவர் பேரில் உலவும் கதைகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

நம்பிக்கை: வெறுங்கையால் முழம் போட்டு மேலே வந்தவர்.

இல்லை. அப்பாவே ஃபிராங்க்ஃபர்ட்டில் கட்டட ஒப்பந்தக்காரர். மகன் கட்டுமானப் பொறியியல் படித்து, டாக்டர் பட்டமும் வாங்கியவர். ஃபிராங்க்ஃபர்ட் அருகே கேனிக்ஸ்டைனில் பழைய மாளிகை ஒன்றை வாங்கிப் புதுப்பித்து அலுவலகமாக வைத்திருந்தார். கடன் கேட்க வங்கிக்குப் போய் வரிசையில் நின்ற ஆள் அல்ல.

நம்பிக்கை: வங்கிகளையே ஏமாற்ற அசாத்திய மூளை வேண்டும்.

உண்மையைச் சொன்னால் சிரிப்பு வரும். ஃபிராங்க்ஃபர்ட்டின் ட்சைல் கடைவீதியில் அவர் ஒரு வணிக வளாகம் கட்டினார். பெயர் ட்சைல் காலரி, திறந்தது 1992இல். அதற்கு டாய்ச் வங்கி கொடுத்த கடன் 41.5 கோடி மார்க். வாடகைக்கு விடக்கூடிய பரப்பு சுமார் 20,000 சதுர மீட்டர் என்று கடன் தாள்களில் இருந்தது. உண்மையில் இருந்ததோ ஏறத்தாழ 9,000. இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் யாரும் தேவையில்லை. வேலை நடந்த இடத்தில் நட்டிருந்த பலகையிலேயே சரியான அளவு எழுதியிருந்தது. தெருவில் போனவர்கள் அதைப் படித்தார்கள். கடன் கொடுத்தவர்கள் படிக்கவில்லை.

கணக்கு எளிது. பரப்பைக் கூட்டினால் வரப்போகும் வாடகை கூடும். வாடகை கூடினால் கட்டடத்தின் மதிப்பு கூடும். மதிப்பு கூடினால் கடன் கூடும். இன்னொரு வழியும் இருந்தது, அது நமக்கு விளக்கத் தேவையில்லாதது: பினாமி. ஒரு கட்டடத்தைப் பினாமி பெயரில் வாங்கி, தன் நிறுவனத்துக்கே கூடுதல் விலைக்கு விற்றுக்கொள்வார். அந்தக் கூடுதல் விலைக்கு வங்கி கடன் தரும். வாடகையோ கடனுக்கு வட்டி கட்டக்கூடக் காணாது. அந்த வட்டிக்கு அடுத்த கட்டடத்தின் பெயரில் அடுத்த கடன்.

1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு கிழக்குப் பகுதியில் கட்டடம் புதுப்பிப்போருக்கு அரசு பெரிய வரிச்சலுகை அறிவித்திருந்த காலம் அது. மனை விலை ஏறிக்கொண்டே போகும் என்று எல்லோரும் நம்பினார்கள். பெரிய வாடிக்கையாளரைப் பக்கத்து வங்கி தட்டிக்கொண்டு போய்விடுமோ என்ற பயம் வேறு. அளவு நாடாவை யார் எடுப்பார்? 1997 டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் ஷ்னைடருக்கு ஆறு ஆண்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை கொடுத்தபோது வங்கிகளின் அலட்சியத்தையும் விட்டுவைக்கவில்லை. மூளைக்காரர் என்று அவரைப் புகழ்வது, என்னைக் கேட்டால், வங்கி அதிகாரிகளுக்குத் தரும் நற்சான்றிதழ்தான்.

நம்பிக்கை: மொத்தக் கடனையும் 'வேர்க்கடலை' என்று வங்கித் தலைவர் கேலி செய்தார்.

இது பாதிதான் சரி. டாய்ச் வங்கித் தலைவர் ஹில்மார் கோப்பர் 1994 ஏப்ரலில் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது 'பீநட்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லைப் போட்டது உண்மை. ஆனால் அவர் சொன்னது வங்கிகளின் கடனை அல்ல. ஷ்னைடரின் கட்டடங்களில் வேலை செய்து காசு வராமல் நின்ற தொழில்காரர்களுக்குச் சேரவேண்டிய சுமார் 5 கோடி மார்க்கைத்தான் அப்படிச் சொன்னார். அதுவும், அந்தப் பாக்கியை வங்கியே தீர்க்கும் என்று உறுதி சொன்ன பேச்சின் நடுவில்.

அப்படியானால் கோப்பர் பாவமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பூச்சு வேலைக்காரர், எலக்ட்ரீஷியன், குழாய் வேலைக்காரர் எல்லாம் சாமானைக் கடனில் வாங்கிப் போட்டு வேலையை முடித்துவிட்டுப் பில்லோடு நின்றவர்கள். வங்கிக்குக் கடலையாக இருந்தது அவர்களுக்கு அடுத்த மாதச் சம்பளப் பட்டுவாடா. 1994ஆம் ஆண்டின் 'மோசமான சொல்' என்று ஜெர்மன் மொழி அறிஞர் குழு அதைத் தேர்ந்தெடுத்தது. கோப்பரோ பிறகு ஒரு நாளிதழ் விளம்பரத்துக்காகக் கடலைக் குவியல் மேலேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்.

நம்பிக்கை: 500 கோடியையும் சுருட்டிக்கொண்டு ஓடினார்.

சுவிட்சர்லாந்துக் கணக்குகளுக்கு அவர் நகர்த்தியது சுமார் 24.5 கோடி மார்க். அதுவும் முடக்கப்பட்டது. மீதிப் பணம் கல்லிலும் பளிங்கிலும் வட்டியிலும் போயிருந்தது. நியாயமான விலைக்கு மேல் கொடுத்து வாங்குவார், செலவு பார்க்காமல் புதுப்பிப்பார். திருடனுக்கு இவ்வளவு ரசனை கூடாது.

நம்பிக்கை: அவர் தொட்டதெல்லாம் வெறும் காகிதக் கட்டடம்.

லைப்சிக் நகரில் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். கிழக்கு ஜெர்மனி ஆட்சியில் கவனிப்பாரின்றிக் கிடந்த பழைய வணிகக் கட்டடங்களை அங்கே அவர் வரிசையாக வாங்கினார். மேட்லர் பசாஜ் என்ற கூரையிட்ட கடைவீதி அவற்றில் ஒன்று. கதேயின் 'ஃபவுஸ்ட்' நாடகத்தில் வரும் ஔவர்பாக் மதுக்கூடம் அதன் அடியில்தான் இருக்கிறது. படிக்கட்டருகே ஃபவுஸ்டும் சாத்தானும் வெண்கலச் சிலைகளாக நிற்கிறார்கள். ஃபவுஸ்டின் காலணியைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்று ஆட்கள் தொட்டுத் தொட்டு, அந்த ஒரு இடம் மட்டும் பளபளவென்று மின்னுகிறது. சாத்தானிடம் கடன்பட்டவன் காலில் அதிர்ஷ்டம் தேடுகிறார்கள்! ஷ்னைடர் சிக்கிய பிறகு மேட்லர் பசாஜின் வேலை வேறு கைகளில் முடிந்தது. வழிப்போக்கர் கூட்டம் இன்றும் குறையவில்லை.

சரியான அளவு பலகையில் எழுதப்பட்டிருந்த ட்சைல் காலரிதான் இப்போது இல்லை. 2016இல் அதை இடிக்கத் தொடங்கினார்கள்.