"டாக்டர் எழுதட்டும்" – செவிலியரின் மறுப்புக்குப் பின்னுள்ள சட்டம்

இரவு இரண்டு மணி. காய்ச்சலில் முனகும் தந்தையின் கட்டிலருகே நிற்கும் மகன், "சிஸ்டர், ஒரு ஊசி போட்டு விடுங்களேன்" என்று கேட்பது இயல்பு. "டாக்டர் எழுதட்டும், உடனே போடுகிறேன்" என்று செவிலியர் விடை கூறும்போது அவர் மனம் சலிப்பதும் இயல்பே. ஊசி அலமாரியில் இருக்கிறது. போடத் தெரிந்தவர் எதிரிலேயே நிற்கிறார். பின் ஏன் தாமதம்? உள்நோயாளிகளின் உறவினர் பலரும் எங்களிடம் கேட்கும் இவ்வினாவுக்கு விரிவாக விடையளிக்கும் பொருட்டே இவ்விதழில் செவிலியர் பணியைக் கட்டுப்படுத்தும் சட்டங்களைப் பற்றி எழுதுகிறோம்.

செவிலியர் என்பது வெள்ளைச் சீருடையால் அமையும் பெயர் அன்று; ஒரு பதிவேட்டில் பெயர் இருப்பதால் அமைவது. சென்னை அரசு பொது மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி 1871-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. ஆயினும் பயிற்சி பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதைச் சட்டப்படி பிரித்தறிய அதன்பின் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1926-ஆம் ஆண்டின் செவிலியர் மற்றும் தாதியர் சட்டம் சென்னை மாகாணத்தில் அவ்வேற்பாட்டைச் செய்தது. இன்றைய தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமம் அச்சட்டத்தின் வழி வந்ததே. இரண்டாண்டு ஏ.என்.எம்., மூன்றாண்டு ஜி.என்.எம்., நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் ஆகிய படிப்புகளுள் எதை முடித்தவராயினும், குழுமத்தின் பதிவேட்டில் பெயரைச் சேர்த்துப் பதிவு எண் பெற்ற பின்னரே நோயாளியின் உடலில் ஊசி செலுத்தும் உரிமை அவருக்கு உண்டாகிறது. பதிவேட்டில் பெயரைச் சேர்க்கும் குழுமத்துக்கே, ஒழுக்கக்கேடு மெய்ப்பிக்கப்பட்டால் அப்பெயரை நீக்கும் அதிகாரமும் உண்டு.

நம் பகுதியினருக்கு இக்கருத்து புதிதன்று. திருப்புலிவனத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச்சபை உறுப்பினருக்கான தகுதிகளை மட்டும் கூறி நிற்கவில்லை. எவரெவர் பெயரைக் குடத்தில் இடலாகாது என்பதையும் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவர் விலக்கப்பட்டார். பொதுப்பொறுப்பில் இருப்பவருக்குத் தகுதியும் வேண்டும், தகுதியிழக்கச் செய்யும் விதியும் வேண்டும் என்பதை இவ்வட்டாரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதி வைத்திருக்கிறது.

நாடு முழுவதற்கும் ஒரே சீரான பயிற்சித் தரத்தை வகுக்க 1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் குழுமச் சட்டம் வந்தது. அதன் இடத்தில் புதிய அமைப்பை ஏற்படுத்துவதற்காக 2023-ஆம் ஆண்டு நாடாளுமன்றம் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேறு பணி ஆணையச் சட்டத்தை இயற்றியது. பதிவேட்டில் பெயரில்லாமல் செவிலியராகத் தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது.

பதிவு என்பது வெறும் தாள் வேலை என எண்ணுவோர்க்கு ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். 1993-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், நொய்டாவிலுள்ள ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனையில் குடற்காய்ச்சலுக்காக ஒரு சிறுவன் சேர்க்கப்பட்டான். மருத்துவர் எழுதியது குளோரம்ஃபெனிகால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி. டிசம்பர் 30 காலை, பணியிலிருந்த பெண் அதைக் குளோரோகுயின் எனப் பிறழ உணர்ந்து, அம்மருந்தை வாங்கி வருமாறு தந்தையிடம் கூறினார். தந்தை கடைக்கு ஓடி வாங்கி வந்தார். மருந்து நரம்பில் ஏறியதும் சிறுவன் தாயின் மடியிலேயே சுருண்டான். இதயம் நின்று, மூளை மீளாத பாதிப்புக்குள்ளாயிற்று. வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குச் சென்றபோதுதான் அப்பெண் தகுதி பெற்ற செவிலியரே அல்லர், எந்த மாநிலக் குழுமத்திலும் பதிவு செய்தவர் அல்லர் என்பது தெரியவந்தது. மருத்துவர், அப்பெண், மருத்துவமனை ஆகிய மூவரிடத்தும் கவனக்குறைவு இருந்ததாக ஆணையம் முடிவு செய்தது. சிறுவனுக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாயும், பெற்றோரின் மனவேதனைக்காக ஐந்து லட்சம் ரூபாயும் வழங்குமாறு அது இட்ட ஆணையை 1998 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பெற்றோரும் நுகர்வோரே என்று அத்தீர்ப்பு கூறியது, பராமரிப்பாளராகிய உங்கள் அனைவருக்கும் பயன்படும் செய்தி.

இவ்வழக்கில் எங்களை மிகவும் உறுத்துவது அத்தந்தை கடைக்கு ஓடிய காட்சியே. மகனுக்கு எது வந்தாலும் உடனே வாங்கிக் கொடுக்கும் அவசரத்தில், எழுதிய சீட்டில் இருப்பதும் கையில் இருக்கும் குப்பியில் இருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்க அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முறையாகப் பயின்ற செவிலியர் மருந்து கொடுக்குமுன் ஐந்தைச் சரிபார்க்கிறார்: ஆள், மருந்து, அளவு, செலுத்தும் வழி, நேரம். ஒவ்வொரு முறையும் உங்கள் பெயரை மீண்டும் மீண்டும் அவர் கேட்பது மறதியால் அன்று. மருத்துவர் எழுதியதில் ஐயம் எழுந்தால் அதைக் கொடுக்காமல் நிறுத்தி, மருத்துவரையே திருப்பிக் கேட்பதும் அவர் கடமை. எங்கள் கையெழுத்தை அவ்வாறு கேள்வி கேட்கும் செவிலியரை நாங்கள் மதிக்கிறோம். அவர் கேட்பதைக் கண்டு மருத்துவருக்கும் அவருக்கும் சண்டை என்று வார்டில் பேசிக்கொள்ள வேண்டியதில்லை.

சட்டத்தின் இன்னொரு முகமும் உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதாவின் 106-ஆம் பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தவருக்கு ஐந்தாண்டு வரை சிறை. மருத்துவச் செயல்முறையின்போது பதிவு பெற்ற மருத்துவரால் அது நேர்ந்தால் மட்டும் இரண்டாண்டு வரை. அப்பிரிவு மருத்துவர் என்று குறிப்பது தேசிய அல்லது மாநில மருத்துவப் பதிவேட்டில் உள்ளவரை மட்டுமே. ஆகவே, அதே கட்டிலருகே நிகழ்ந்த பிழைக்குச் செவிலியர் எங்களைவிடக் கூடுதல் தண்டனைக்கு ஆளாகக்கூடும். இது முறைதானா என்ற கேள்வி எங்களுக்கும் உண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு "டாக்டர் எழுதட்டும்" என்று ஒருவர் ஏன் உறுதியாக நிற்கிறார் என்பது இப்போது விளங்கும்.

எழுத்து வரும்வரை செவிலியர் கைகட்டி நிற்க வேண்டும் என்பதும் பொருளன்று. மூச்சு நின்றால் மார்பை அழுத்தி உயிர்மீட்பு முயற்சியைத் தொடங்குவார், ஆக்சிஜன் வைப்பார். மருத்துவர் தொலைவிலிருந்தால் தொலைபேசியில் உத்தரவு பெற்று, அதை அவரிடமே திருப்பிப் படித்துக் காட்டிக் குறித்துக்கொள்வார். மருத்துவர் பின்னர் கையொப்பமிடுவார். கிராமங்களில் இன்னும் ஒரு படி மேலே அதிகாரம் தரப்பட்டிருக்கிறது. கருவுற்ற பெண்ணுக்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால், பயிற்சி பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் மக்னீசியம் சல்பேட்டின் முதல் தவணையை, பிட்டத்தின் இருபுறமும் ஐந்து ஐந்து கிராமாக, ஊசியாகப் போட்டுவிட்டு 108 ஊர்தியில் அனுப்பலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. அந்த ஊசிக்காக அங்கே மருத்துவருக்குக் காத்திருக்கச் சொல்வது தாயின் உயிரோடு விளையாடுவதாகும். எனவே துணை சுகாதார நிலையத்தில் அந்த ஊசி போடப்படும்போது, "டாக்டர் இல்லாமல் எப்படிப் போடலாம்" என்று உறவினர் தடுக்கலாகாது.

மாறாக, சிலவற்றை எந்தச் சூழலிலும் செவிலியரிடம் கேட்கலாகாது. கருக்கலைப்பு அவற்றுள் முதலாவது. 1971-ஆம் ஆண்டின் சட்டப்படி உரிய தகுதியுள்ள பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே அதைச் செய்யலாம். அறுவைக்கான ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்கும்போது நன்மை தீமைகளை விளக்க வேண்டியவர் மருத்துவர். செவிலியர் சாட்சியாக நிற்கலாம். மருத்துவர் விளக்காமல் படிவம் மட்டும் உங்கள் கைக்கு வந்தால், விளக்கம் கேட்ட பிறகே கையொப்பமிடுங்கள்.

ஊரக மருத்துவமனைகளில் தனியே சொல்ல வேண்டிய ஒன்று, இரகசியம் காத்தல். செவிலியர் பக்கத்துத் தெருக்காரராக இருப்பார், உறவினராகவும் இருக்கக்கூடும். "அந்த வார்டில் இருக்கிறாரே, அவருக்கு என்ன நோயாம்?" என்று கேட்பவர்க்கு அவர் வாய் திறப்பதில்லை. அதை அகந்தை என்று பேசுவோர் உண்டு. எச்.ஐ.வி. நிலையை ஒருவரது ஒப்புதலின்றி வெளியிடுவதை 2018 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது; மற்ற நோய்களுக்கும் தொழில் நெறி இதையே கேட்கிறது. உங்களைப் பற்றி மற்றவர் கேட்கும்போதும் அதே வாய் மூடியே இருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

குறை இருந்தால் முதலில் வார்டு பொறுப்புச் செவிலியரிடமும், பின்னர் மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடமும் எழுத்தில் தாருங்கள். தொழில் ஒழுக்கம் பற்றிய புகாரானால் சென்னையிலுள்ள குழுமத்துக்கு அனுப்பலாம். இழப்பீடு கோரினால் நுகர்வோர் ஆணையம் உண்டு. கை நீட்டுவது மட்டும் வழியன்று. மருத்துவப் பணியாளரைத் தாக்குவோர்க்கு மூன்று முதல் பத்தாண்டு வரை சிறை என்று 2008-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் கூறுகிறது. செவிலியரும் அதன் பாதுகாப்புக்குள் வருகின்றனர்.

இனி வீட்டுக்கு வருவோம். பக்கவாதம் கண்டு படுத்த பெரியவருக்கு "ஹோம் நர்ஸ்" வேண்டும் என்று முகவரிடம் கேட்டால், சில மாதப் பயிற்சி மட்டும் பெற்ற உதவியாளரை அனுப்பும் வழக்கம் பெருகியிருக்கிறது. குளிப்பாட்டவும், உணவூட்டவும், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கவும் அவர்கள் போதும். அவர்களுள் பலர் அதை அன்போடு செய்கின்றனர். ஆனால் நரம்பு ஊசி போடுதல், சிறுநீர்க் குழாய் மாற்றுதல், மூக்குவழி உணவுக்குழாய் நுழைத்தல் ஆகியவற்றுக்குப் பதிவு எண் உள்ளவர் தேவை. எண்ணையும் குழுமச் சான்றையும் காட்டுமாறு கேட்க உங்களுக்கு உரிமையுண்டு; உண்மையான செவிலியர் அதற்காக வருந்தமாட்டார். செலவு தாங்காதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் படுக்கையிலுள்ளோரின் வீட்டுக்கே வருகின்றனர்.

தாய்க்கு மகள் இன்சுலின் போடுவதை எச்சட்டமும் தடுக்கவில்லை. முறையாகக் கற்றுத் தருவது எங்கள் செவிலியரின் பொறுப்பு. வீடு திரும்பும் நாளில் அவர் செய்து காட்டுவதைப் பார்த்து மட்டும் கிளம்பாமல், அவர் முன்னிலையில் நீங்களே ஒருமுறை செய்து காட்டுங்கள். எத்தனை யூனிட் என்பதை எண்ணால் எழுதி வாங்குங்கள். மருந்துக்கடையில் குப்பியின் மேல் 40 என்றிருந்தால் சிவப்பு மூடியுள்ள ஊசிக்குழாயையும், 100 என்றிருந்தால் ஆரஞ்சு மூடியுள்ளதையும் கேட்டு வாங்குங்கள். 100 குப்பியிலுள்ள மருந்தைச் சிவப்பு மூடிக் குழாயால் எடுத்தால், அளவு இரண்டரை மடங்காகிவிடும்.