சேர்வராயன் மலையிலிருந்து கூடுதுறைக்கு: இரண்டு நாள் தீர்த்த யாத்திரை

ஏற்காட்டிற்கு மேலே, சுமார் 5,300 அடி உயரத்தில், தலை குனிந்து நுழைய வேண்டிய ஒரு குகைக்குள் சேர்வராயப் பெருமானோடு காவேரியம்மனும் எழுந்தருளியிருக்கிறாள். காவேரியோ இம்மலைக்கு மேற்கே வெகுதூரத்தில் ஓடுகிறது. ஆயினும் அக்குகைக்கும் ஆற்றுக்கும் தொடர்புண்டென்று மலைவாழ் மக்கள் தொன்றுதொட்டு நம்பி வருகின்றனர். இந்நம்பிக்கைக்குப் பொருத்தமாக, இம்மலைத்தொடரில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தின் வழியே இறங்கிச் சென்று காவேரியிலேயே கலக்கிறது. ஆதலின் மலையில் தொடங்கி ஆற்றங்கரையில் முடியும் யாத்திரை இவ்வூராருக்கு மிக இயல்பானது. முதியோரையும் குழந்தைகளையும் உடனழைத்துச் செல்வோர் அதனைச் சிரமமின்றி நடத்தும் முறையை இங்கே வரிசைப்படுத்துவோம்.

1. காலத்தைத் தேர்தல்

நீராடுவதே தீர்த்த யாத்திரையின் உயிர். ஆகவே ஆற்றில் நீரோடும் பருவத்தை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். மேட்டூர் அணையில் போதிய நீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12-ல் பாசனத்திற்குத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமாதலால், இடைப்பட்ட மாதங்களில் பவானியிலும் கொடுமுடியிலும் நீர் தாராளமாக இருக்கும். எனினும் ஆடிப் பதினெட்டு, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகிய தினங்களில் ஜனத்திரள் அளவு கடந்து விடும். பிதுர்க் கடனுக்காக அந்நாளிலேயே செல்ல வேண்டியவர்கள் தவிர மற்றையோர் அவற்றை விலக்குவது உசிதம். மேட்டூரிலிருந்து உபரிநீர் பெருக்கெடுக்கும் வேளையில் துறையில் இறங்கத் தடை விதிப்பார்களாகையால், புறப்படுவதற்கு முந்தின நாள் அணையின் நிலவரத்தைப் பத்திரிகையில் பார்த்துக்கொள்க. எமது அபிப்பிராயத்தில், மார்கழிப் பிற்பகுதியிலும் தை முற்பகுதியிலும் விசேஷமில்லாத ஒரு வார நாளே சாலச் சிறந்தது.

2. நடை சாத்தும் நேரத்தைக் கொண்டு திட்டமிடல்

யாத்திரையில் தூரத்தைக் காட்டிலும் நேரமே முக்கியம். இப்பகுதிக் கோயில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தி, மாலை நான்கு மணியளவில் மீண்டும் திறக்கும். காலையில் ஒன்று, முற்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று என்னும் கணக்கை மீறாமலிருந்தால், பூட்டிய கதவின் முன்னே வெயிலில் காத்திருக்க நேராது. ஒரே நாளில் எட்டுக் கோயில்களைச் சுற்றி வருவோர் ஒன்றையேனும் நின்று தரிசித்தோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

3. முதல் நாள்: மலையும் சேலமும்

காலையில் சேர்வராயன் குகையில் வழிபட்டுப் புறப்பட்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால், முற்பகலிலேயே சேலம் சுகவனேசுவரர் ஆலயத்தை அடையலாம். வளைவுகளில் தலைசுற்றல் உடையவர்கள் இறங்கும் முன் வயிறு நிறைய உண்ணலாகாது. சுகமுனிவர் பூசித்ததாகப் புராணம் கூறும் இத்தலத்தின் முருகனை அருணகிரிநாதர் பாடியிருக்கிறார். ஆலயத்தருகே ஓடும் திருமணிமுத்தாறோ, நகரத்துச் சாக்கடை கலந்து, கால் நனைக்கவும் தகாத நிலையை எய்திவிட்டது.

பகலுணவும் இளைப்பாறுதலும் சேலத்திலேயே முடித்துக்கொண்டு, மாலையில் கோயமுத்தூர் சாலையில் சில மைல் சென்றால், அதே ஆற்றின் கரையிலுள்ள உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயில் எதிர்ப்படும். பாரி மகளிருக்கு ஔவையார் மணம் முடித்து வைத்த இடம் இதுவென்பது செவிவழி வரலாறு. பின்னர் சங்ககிரி, குமாரபாளையம் வழியாகப் பவானியை அடைந்து அங்கே இரவு தங்குக.

4. இரண்டாம் நாள் காலை: கூடுதுறை

காவேரியும் பவானியும் கூட, கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் உடன் கலப்பதாகச் சொல்லப்படும் கூடுதுறையில், வெயில் ஏறுமுன் நீராடுவதே சுகம். படிகளில் பாசி வழுக்குமாகையால் முதியோரைக் கைபிடித்து இறக்க வேண்டும். இரு நதிகளின் இழுப்பும் சேரும் இடமாதலின் ஆழத்திற்குச் செல்லாமல் படியோரத்திலேயே முழுகுதல் நலம். தர்ப்பணம் செய்ய விரும்புவோர் புரோகிதரிடம் தக்ஷிணையை முன்கூட்டியே பேசிக்கொள்க.

திருநணா என்று சம்பந்தர் பாடிய சங்கமேசுவரர் சந்நிதியையும், வேதநாயகி அம்மையையும், அதே வளாகத்தில் ஆதிகேசவப் பெருமாளையும் நிதானமாகத் தரிசிக்கலாம். கோயமுத்தூரில் கலெக்டராயிருந்த வில்லியம் காரோ என்னும் ஆங்கிலேயர், இடிந்து விழவிருந்த மாளிகையிலிருந்து அம்மை தம்மைக் காத்தாள் என்று நன்றி பாராட்டி, 1804-ல் தந்தக் கட்டில் ஒன்றைக் காணிக்கையாக்கினார் என்பது இவ்வாலயத்தின் பிரசித்தமான செய்தி.

5. முற்பகல்: கொடுமுடி

எட்டரை மணிக்குப் பவானியை விட்டால், ஈரோடு வழியாகப் பத்து மணிக்குள் கொடுமுடியை அடையலாம். வாகனமில்லாதோர்க்கு ஈரோட்டிலிருந்து கரூர் செல்லும் ரயிலும் உண்டு. தெற்கு நோக்கி வந்த காவேரி கிழக்கே திரும்பும் இவ்விடத்தில், மகுடேசுவரரும் வீரநாராயணப் பெருமாளும் ஒரே வளாகத்தில் வீற்றிருக்க, வன்னி மரத்தடியில் பிரமனுக்கும் இடம் உண்டு. மும்மூர்த்திகளையும் ஒருங்கே வணங்கும் பேறு எளிதில் வாய்ப்பதன்று. சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடியதும் இங்கேதான். பங்குனி உத்திரத்திற்குப் பழனிக்குத் தீர்த்தக்காவடி எடுப்போர் இத்துறையில்தான் நீர் முகந்து வன்னி இலையிட்டுக் கொண்டு செல்வர். அம்மாதத்தில் வருவோர் கூட்டத்திற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

6. மாலை: திருச்செங்கோடு

திரும்பும் வழியில், பிற்பகல் நான்கு மணிக்குத் திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரரைத் தரிசிக்கலாம். ஆயிரத்திற்கும் மேற்பட்ட படிகள் ஏற இயலாதார்க்குச் சந்நிதி வரை வண்டிப்பாதை உண்டு. அடியார்களைப் பீடித்த குளிர்சுரம் நீங்கச் சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் அருளிய தலம் இது. இங்கிருந்து சேலம் சேர்ந்ததும், பழக்கமில்லாதவர்கள் பனிமூட்டத்தில் இரவு மலையேறுவதைத் தவிர்த்து, அங்கேயே தங்கி விடியற்காலையில் ஏற்காடு செல்வது புத்திசாலித்தனம்.

7. எடுத்துச் செல்வன

மலைக் குளிருக்கு ஒரு கம்பளி, நீராட மாற்றுடைகள் இரண்டு, ஈர வஸ்திரங்களுக்குத் தனிப் பை, தீர்த்தத்திற்கு ஒரு செம்பு, வழக்கமாக உட்கொள்ளும் மருந்து, சில்லறைக் காசு ஆகிய இவை போதும். நகைகளை வீட்டிலேயே வைத்துச் செல்க.

இறுதியாக ஒரு வேண்டுகோள். நீராடிய பழந்துணியை ஆற்றில் விட்டால் பாவம் தொலையும் என்று எண்ணி எறிவது சில துறைகளில் வழக்கமாகிவிட்டது. சோப்பும் ஷாம்பு உறையும் அதனோடு சேர்கின்றன. திருமணிமுத்தாறு அடைந்த கதியைக் கண்ணாரக் கண்டு வரும் நாம், காவேரிக்கும் அதே கதி நேர்வதற்குத் துணை நிற்கலாகாது. கொண்டு சென்ற துணி, பை, உறை அனைத்தையும் திரும்ப வீட்டிற்கே கொண்டு வாருங்கள்.