வாயில்லா ஜீவனும் வெயில் களிம்பும்

அல்லாஹுத் தஆலா நம் பொறுப்பில் விட்டிருக்கும் எந்த உயிரைப் பற்றியும் மறுமையில் நம்மிடம் கேள்வி உண்டு. ஒரு பூனையைக் கட்டிவைத்துத் தானும் உணவு கொடுக்காமல், அது தேடித் தின்ன அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் நரகத்திற்குரியவளானாள். தாகத்தால் ஈரமண்ணை நக்கிக் கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கித் தம் தோல் காலுறையில் நீர் மொண்டு வந்து புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டது. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த இவ்விரு செய்திகளும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளன.

இரண்டாவது செய்தியில் ஊன்றிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மனிதர் இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை. அந்நாய்க்கு எது தேவையோ அதைக் கொடுத்தார். இரக்கம் இருந்து அறிவு இல்லாவிட்டால் நன்மை செய்ய நினைத்த கையே தீங்கு செய்துவிடும். வெயிலில் வாடும் காவல் நாய்க்கு மனிதர்கள் பூசும் வெயில் களிம்பை எடுத்துப் பூசுவது இத்தகைய செயல்களில் ஒன்றாகும். கோடைக் காலத்தில் இப்பழக்கம் சில வீடுகளிலும் தோட்டங்களிலும் நுழைந்திருப்பதால் இதன் மருத்துவ விபரத்தையும் மார்க்கச் சட்டத்தையும் சேர்த்து அறிந்து கொள்வது நல்லது.

நாய் வளர்ப்பதன் சட்டம்

வேட்டைக்காகவும், ஆடு மாடுகளின் காவலுக்காகவும், பயிர்க் காவலுக்காகவும் நாய் வைத்துக் கொள்ள ஹதீஸில் அனுமதி வந்துள்ளது. இத்தேவைகள் இன்றி வைத்திருப்பவருடைய நற்கூலியில் நாள்தோறும் ஒரு கீராத் குறையும் என்று ஓர் அறிவிப்பிலும், இரண்டு கீராத் என்று மற்றோர் அறிவிப்பிலும் எச்சரிக்கப்பட்டுள்ளது. வீட்டுக் காவலையும் அத்தேவைகளோடு ஒப்பிட்டு ஆகுமென்பதே ஷாபிஈ மத்ஹபில் ஏற்றமான சொல்லாகும். ஆகவே அழகுக்காகவும் பெருமைக்காகவும் வளர்ப்போருக்கு இக்கட்டுரை ஆதாரமாகாது.

தேவைக்காக வைத்திருப்பவர் மீது அதன் தீனியும் நீரும் வாஜிபாகும். பிராணி பேசாது, முறையிடாது, அதனாலேயே அதன் ஹக்கு கனமானது. பயன் தரும் நாய் தாகத்தால் தவிக்கும்போது நம்மிடம் இருப்பது ஒளுவுக்குப் போதுமான தண்ணீர் மட்டுமேயானால், அதை நாய்க்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்து தொழ வேண்டும் என்று நம் இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். எதன் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டுமோ, அதன் தாகத்தை ஒளுவுக்கும் முந்தியதாக வைத்த மார்க்கம் இது! நஜீஸ் என்ற சட்டம் வேறு, வெறுப்பு என்பது வேறு என்பதை இதிலிருந்து விளங்கிக் கொள்ளலாம்.

வெயில் செய்யும் கேடு

நாய்க்கு உரோமம் இருக்கிறதே, அதை வெயில் என்ன செய்யும் என்று கேட்கலாம். உரோமம் அடர்ந்த இடத்தை அதுவே காக்கும். ஆனால் மூக்கின் மேற்புறம், காது நுனி, கண்ணிமை, அடிவயிறு, தொடையின் உட்புறம் ஆகிய இடங்களில் உரோமம் குறைவு. வெள்ளை நிற நாய்களுக்கு அவ்விடங்களில் தோலின் கருமையும் இராது. நம் தமிழகத்து ராஜபாளையம் நாயை எடுத்துக் கொள்ளுங்கள். பால் போன்ற வெண்மை, குட்டையான உரோமம், இளஞ்சிவப்பு மூக்கு. 2005-ம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய்த் தபால்தலைகளில் இடம்பெற்ற இனம் அது. தோட்டக் காவலில் பெயர் பெற்ற இந்த நாய், காவலுக்காகத் திறந்த வெளியில் கட்டப்படும்போது அதன் மூக்கும் காதும் முதலில் வெந்து போகின்றன.

முதலில் தோல் சிவக்கும், பிறகு உரியும், பொருக்குத் தட்டும், ஆறாத புண்ணாகும். ஆண்டுக்கணக்கில் இவ்வாறு வெந்து ஆறும் தோலில் புற்றுநோய் வருவதும் உண்டு. வெள்ளைப் பூனைகளின் காது நுனிக்கும் இதே ஆபத்து இருக்கிறது. ஆகவே பாதுகாப்பு தேவை என்பதில் ஐயமில்லை. எதைக் கொண்டு என்பதுதான் கேள்வி.

களிம்பில் உள்ள ஆபத்து

மனிதன் களிம்பு பூசினால் அது தோலில் இருக்கும். நாய்க்குப் பூசினால் சிறிது நேரத்தில் அது வயிற்றில் இருக்கும். நாய் தன் உடம்பைத் தானே நக்கும் பிராணி. எனவே அதன் மீது பூசும் எதையும், அதற்கு உண்ணக் கொடுப்பதாகவே கருதிக் கொள்ள வேண்டும்.

மனிதர்களுக்கான பல வெயில் களிம்புகளில் ஜிங்க் ஆக்ஸைடு என்னும் துத்தநாகச் சேர்மம் இருக்கிறது. நாய் அதைத் தொடர்ந்து நக்கி விழுங்கினால் வயிற்று அமிலத்தில் துத்தநாகம் கரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. அளவு மிகும்போது சிவப்பணுக்கள் உடைகின்றன. வாந்தி, தீனி எடுக்காமை, சோர்வு, வெளுத்த அல்லது மஞ்சளான ஈறு, கருத்த சிறுநீர் ஆகியவை அதன் அடையாளங்கள். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. வேறு சில களிம்புகளில் ஹோமோசாலேட், ஆக்டிசாலேட் என்னும் சாலிசிலேட் வகைப் பொருள்கள் சேர்ந்துள்ளன. இவை ஆஸ்பிரின் மாத்திரையின் இனத்தவை. நாயின் வயிற்றைப் புண்ணாக்கக் கூடியவை. பூனையின் உடலோ இவ்வகைப் பொருளை மிக மெதுவாகவே வெளியேற்றும். அதுவும் ஓயாமல் நக்கும் பிராணியாதலால் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வேர்க்குருவுக்குப் பூசும் கேலமைன் லோஷன் பல வீடுகளில் இருக்கும். அதிலும் ஜிங்க் ஆக்ஸைடு உண்டு. குழந்தைகளின் அரையிடுக்குப் புண்ணுக்கான வெள்ளைக் களிம்புகள் பலவற்றிலும் உண்டு. ஆகவே அவற்றையும் நாய், பூனைக்குப் பூசலாகாது. தேங்காயெண்ணெய் தடவினால் போதும் என்பாரும் உளர். அது வெயிலைத் தடுக்கப் போதாது.

நாய்களுக்கென்றே தயாரிக்கப்பட்ட களிம்புகளும் இப்போது விற்பனைக்கு வருகின்றன. மேலுறையில் நாய்ப் படம் இருப்பதை மட்டும் கொண்டு நம்பிவிடக் கூடாது. சேர்க்கப்பட்ட பொருள்களின் பட்டியலைப் பார்த்து, மேற்சொன்னவை இல்லையென உறுதி செய்து, கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே பயன்படுத்த வேண்டும். மேலுறையிலுள்ள எஸ்.பி.எப். எண் மனிதத் தோலில் சோதித்துக் கணக்கிடும் முறையில் வந்தது. நாயின் தோலுக்கு அதே அளவு காவல் கிடைக்குமென்று எண்ணிவிடக் கூடாது.

பூசும் முறையும் கைச் சுத்தமும்

மருத்துவர் அனுமதித்தால் முதலில் சிறிதளவு ஓரிடத்தில் தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். சிவப்போ அரிப்போ இல்லையெனில் மூக்கின் மேற்புறத்திலும் காது நுனியிலும் மெல்லியதாகப் பூசலாம். கண்ணில் படலாகாது. பூசிய பின் கால் மணி நேரமாவது அது நக்காதபடி பார்த்துக் கொள்ள வேண்டும்.

ஷாபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதும் கடும் நஜீஸாகும். உலர்ந்த கை உலர்ந்த உரோமத்தில் பட்டால் கை நஜீஸாகாது. களிம்போ ஈரமானது. எனவே வெறுங்கையால் பூசினால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒன்று சுத்தமான மண் கரைத்த நீராக இருக்க வேண்டும். சோப்பு மண்ணுக்கு ஈடாகாது என்பதே ஏற்றமான சொல். தேவையின்றி நஜீஸைப் பூசிக் கொள்வதும் கூடாது. ஆகவே ரப்பர் கையுறை அணிந்து பூசுவதே பேணுதலாகும். தேவையான அளவைக் கையுறையில் முதலிலேயே பிதுக்கிக் கொண்டு, குழாயை மூடி வைத்த பின்னர் நாயைத் தொட்டால் குழாயும் சுத்தமாக இருக்கும்.

ஹனபி மத்ஹபில் ஏற்றமான கூற்றின்படி நாயின் உடல் நஜீஸல்ல, எச்சிலே நஜீஸ். எனினும் அது நக்கும் மூக்கருகே பூசுவதால் எச்சில் படக் கூடும். பட்டால் கையை மூன்று முறை கழுவிக் கொள்ள வேண்டும். நாயைத் தொட்டதனால் ஒளு முறிவதில்லை என்பதையும் அறிக.

களிம்பை விட மேலானது

இவ்வளவு விபரமும் எழுதிய பின் சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்று உண்டு. நாய்க்கு முதல் தேவை நிழல், களிம்பல்ல. களிம்பு வெயிலின் எரிப்பை ஓரளவு தடுக்கலாம், வெப்பத்தைத் தடுக்காது. நாய்க்கு மனிதனைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்தே தன் சூட்டைத் தணிக்கிறது. களிம்பு பூசிவிட்டோம் என்ற தைரியத்தில் வெயிலில் கட்டிப் போடுவது அதைக் கொல்வதற்குச் சமம்.

காலையில் மரநிழலில் கட்டிய நாய் நண்பகலில் வெட்டவெளியில் நிற்கும். நிழல் நகரும், கயிறு நகராது. ஆதலால் காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை நிழல் மாறாத இடத்தில் ஓர் ஓலைக் கொட்டகையும், கவிழாத பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கட்டும். சிமெண்டுத் தரையில் கட்ட வேண்டாம். கோடை என்று உரோமத்தை மழிக்கவும் வேண்டாம். அதுவே அதன் குடை.

களிம்பை விழுங்கிவிட்டால் வீட்டில் கைவைத்தியம் செய்து வாந்தி எடுக்க வைக்காமல், மனிதர்களின் வலி மாத்திரைகளையும் கொடுக்காமல், களிம்புக் குழாயையும் எடுத்துக் கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நமக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் பிராணிக்குப் பகலில் ஒரு முழ நிழல் கொடுப்பது பெரும் செலவன்று. ஈரமுள்ள ஈரலுடைய ஒவ்வோர் உயிருக்கும் செய்யும் உபகாரத்தில் கூலி உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் நன்மாராயம் கூறியுள்ளார்கள். அக்கூலியைத் தேடிக் கொள்ளும் அறிவையும், அறிந்தபடி நடக்கும் தௌபீக்கையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.